பதினான்காம் பக்கத்து டேமேஜ்

செல்லாத்தாள் வீட்டுப் பீரோவிலிருந்து விழா மலரை எடுத்துவரச் சொல்லி, பதினான்காம் பக்கத்தைப் புரட்டி, விரல் நுனியில் தயாராக வைத்திருந்த சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எட்டாவது வரிக்கு நேராக ஒட்டுகிறாள் மருதம்மாள். ஒட்டியது போதாதென்று நகத்தால் ஒருமுறை அழுத்தித் தேய்க்கிறாள். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஸ்டிக்கரைத் தெரியும். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைப் பார்த்து அம்பு ஒட்டவேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் பேக்கிங் பக்கம் போகக் கூடாது.

“ஏனக்கா, கோயல் பொஸ்தகத்துல போயி இதெல்லாம்?” செல்லாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை.

“சாமி படத்து மேல ஒட்டலீங்களே. இந்த வரி டேமேஜுங்க. டேமேஜுன்னா அம்பு ஒட்டோணும்.”

சுப்பிரமணியர் கோயில் குடமுழுக்குக்காக ஐநூறு மலர் அச்சிட்டார்கள். இதுவரை எழுபத்து மூன்று வீட்டு மலர்களுக்கு அம்பு ஒட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, ஈர முடியை முடிந்துகொண்டு, ஒரு தெருவை எடுத்துக்கொண்டால் மத்தியானச் சோற்றுக்குள் முடித்துவிடுகிறாள். மலரைத் தொலைத்துவிட்டோம் என்று சொல்கிறவர்களைத் திட்டுவதில்லை. அவர்களிடம்தான் இரண்டு வாய் காபி கேட்டு வாங்கிக் குடிக்கிறாள்.

அந்த எட்டாவது வரி இதுதான்: “1938 முதல் இயங்கிவந்த நமது செங்காட்டுப்புதூர் ரயில் நிலையம், போதிய பயணிகள் இன்மையால் 2004ஆம் ஆண்டு மூடப்பட்டது.” அறுபத்தாறு வருடம் ஊரில் நின்று சென்ற ரயிலுக்கு மலரில் கிடைத்த இடம் இவ்வளவுதான். அதற்கு அடுத்த வரியிலேயே கோயிலுக்கு டியூப் லைட் உபயம் செய்தவர்களின் பட்டியல் ஆரம்பித்துவிடுகிறது.

மருதம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மெலிந்த உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத குரல். நெசவுக் குடும்பத்தில் பிறந்து நெசவுக் குடும்பத்தில் வாக்கப்பட்டவள். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை, தறி போன பிறகும் தணியவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் உப்பு கேட்டாலும் எதிர் வீட்டுக்காரர் எடுத்து வருவார். சோடாப்புட்டிக் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து, துணியைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துத்தான் பார்ப்பாள். ஆனால் அவள் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை இதுவரை எந்தத் தேசத்துக்கும் கப்பல் ஏறியதில்லை.

அவள் செக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனியின் முதலாளி அருள்செல்வன். கோயில் கமிட்டிச் செயலாளரும் அவன்தான், மலரின் தொகுப்பாசிரியரும் அவன்தான். உறவு முறையில் மருதம்மாளுக்குத் தம்பி ஆகவேண்டும். அவனுடைய ஸ்டிக்கரை எடுத்து அவனுடைய வரிமேலேயே ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டு திரிகிறாள் என்ற செய்தி மூன்றாவது வாரமே அவனுக்குப் போய்விட்டது.

“ஏனுங்க்கா, கம்பெனி ஸ்டிக்கர ஊரெல்லாம் ஒட்டறீங்களாமா?”

“ஆமாங்க தம்பி. இன்னும் ரெண்டு ரோல் வேணுமுங்க.”

“நான் என்னங்க்கா இல்லாததையா எழுதிட்டேன்? நம்மூர்க்காரங்க யாரு ரயில்ல போனாங்க, சொல்லுங்க? ஊட்டுக்கு ஊடு பைக்கு வந்துருச்சு. தெக்கத்தி ஆளுக நாலு பேரு ஏறி எறங்குனாங்க. அத வெச்சு ஊரு வரலாறு எழுத முடியுங்களா?”

நாலு பேர்! அருள்செல்வன் மோசமானவன் இல்லை. கூலி பாக்கி வைக்கமாட்டான், தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பான். ஆனால் ஒவ்வொரு நாளும் காலை ஆறே முக்கால் மணிக்கு அவன் வீட்டு வாசல் வழியாக நூற்று நாற்பது பேர் டிபன் பாக்ஸோடு ஓடியதை அவன் கண் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறது. அவர்கள் உசிலம்பட்டிக்காரர்கள், ஆண்டிபட்டிக்காரர்கள், நத்தத்துக்காரர்கள். ஊருக்குக் கிழக்கே லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள். கோயில் வரி கொடுக்காதவர்கள். ஆகவே அவர்கள் பயணிகளும் ஆகமாட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது. இதைப் படித்துவிட்டு ஒருத்திக்கு வயிறு எரிந்தால் அது தப்பா?

மடத்துக்குளத்துக்கும் உடுமலைக்கும் நடுவில், சோளக்காட்டு ஓரமாக ஒரு மண் மேடு. அதுதான் பிளாட்பாரம். ஓடு வேய்ந்த ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு புங்கமரம். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது. இப்படிப்பட்ட இடத்துக்கு ரயில்வேக்காரர்கள் ஹால்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவரையே ஏஜென்டாக வைப்பார்கள். அவர் பக்கத்துப் பெரிய ஸ்டேஷனிலிருந்து அட்டை டிக்கெட்டுகளை வாங்கி வந்து ஜன்னலில் விற்கவேண்டும், விற்றதற்குக் கமிஷன். தறி நின்ற வருடம் மருதம்மாள் அந்த ஏஜென்சியை எடுத்தாள். பதின்மூன்று வருடம் அவள் ஊருக்கு டிக்கெட்டுக்காரம்மா. ரயில் நிற்பது ஒரு நிமிடம்தான். கடைசி ஆள் ஏறும்வரை பச்சைக் கொடியோடு நிற்கும் ரயில் கார்டுக்கு முன்னால் கையை நீட்டி, “இருங்க சாமி, இருங்க சாமி, ஒரு புள்ள ஓடியாருது” என்று நிறுத்திவைப்பாள். அந்தக் குரல் இன்ஜின்வரை கேட்கும்.

உடுமலையில் இறங்கினால் பனியன் கம்பெனி வேன்கள் நிற்கும். திருப்பூருக்குள் வாடகைக்கு இருக்க முடியாதவர்களுக்கு இந்த ரயில்தான் குறுக்குவழி. ஒச்சாயி என்ற உசிலம்பட்டிப் பெண், அப்போது இருபது வயது, ஒருநாள் ஓடிவந்து டிக்கெட் எடுக்காமலே ஏறிவிட்டாள். அன்றைக்கென்று பரிசோதகர் வந்தார். உடுமலையில் அவளை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்து அனுப்பினார்கள். வேலையும் போயிற்று. சாயங்காலம் அவள் ஜன்னலுக்கு வந்து அழவில்லை, சண்டை பிடித்தாள்.

“நீங்க சில்லற தேடிக்கிட்டு இருந்தீங்கல்லக்கா? அதாலதேன் ஏறிட்டேன். தெனமும் இந்த ஜன்னல்ல இம்புட்டுச் சனம் நின்னா எவ எடுக்குறது டிக்கெட்டு?”

“ஏங்கண்ணு, மாசச் சீசன் எடுத்துக்கிட்டா வரிசைல நிக்கவே வேண்டாமல்லோ?”

“அதெ இங்கன குடுங்க.”

குடுக்க முடியாது. ஹால்ட்டில் சீசன் டிக்கெட் விற்கக்கூடாது என்பது சட்டம். பெரிய ஸ்டேஷனுக்குப் போய், போட்டோ ஒட்டிய அடையாள அட்டை வாங்கி, கவுன்டரில் நின்று எடுக்கவேண்டும். காலை ஆறே முக்காலுக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்புகிற பெண் எந்த நேரத்தில் போய் நிற்பாள்? சட்டம் போட்ட புண்ணியவானுக்கு அந்த யோசனை ஏன் வரவேண்டும்?

மருதம்மாளே போனாள். ஒச்சாயியின் போட்டோவை வாங்கிக்கொண்டு, பெயர், வயது, ஊர் எல்லாம் தன் கையாலேயே விண்ணப்பப் பாரத்தில் எழுதி, பஸ் ஏறிப் போய் சீசன் எடுத்து வந்து கொடுத்தாள். அடுத்த மாதம் பதினொரு பேர் போட்டோ கொடுத்தார்கள். அடுத்த வருடம் லைன் வீடு முழுக்கக் கொடுத்தது. மாதக் கடைசியில் ரெக்சின் பை நிறைய அட்டைகளோடு அவள் பஸ்ஸில் போவதைப் பார்த்துவிட்டு, “என்ன மருதக்கா, கல்யாணத் தரகா?” என்று கேலி செய்தவர்கள் உண்டு. தன் ஜன்னலில் விற்கவேண்டிய டிக்கெட்டைத் தானே இல்லாமல் செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கமிஷன்தானே குறையும், புள்ளைகள் ஓடிவந்து மூச்சு வாங்காமல் ஏறட்டும் என்று நினைத்தாள். ரயில் நிற்பதே அந்த அட்டை டிக்கெட்டுகளின் தயவில்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

சீசன் டிக்கெட் எந்த ஸ்டேஷனில் விற்றதோ அந்த ஸ்டேஷன் பேரில்தான் சேரும். செங்காட்டுப்புதூர் பேரில் சேர்ந்தது ஜன்னலில் விற்றது மட்டும். தினம் பதினொரு டிக்கெட். பழனிக்குப் போகும் கிழவிகள், உடுமலைச் சந்தைக்குப் போகிறவர்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் பதினொன்று என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, இங்கே எதற்கு ரயில் நிற்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

2004 மார்ச்சில் விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். காலை பதினொன்றரைக்கு, ஜீப்பில். ரயில் நிலையத்தில் கூட்டம் இருக்கிறதா என்று பார்க்க வருகிறவன் ரயில் இல்லாத நேரத்தில் ஜீப்பில் வந்து பார்த்தால் அங்கே என்ன இருக்கும்? புங்கமர நிழலில் ஓர் ஆடு படுத்திருந்தது. அதை ஒருவர் சுற்றிப்போய் நின்றார். ஆறே முக்கால் மணி ரயிலுக்கு ஒருநாள், ஒரே ஒருநாள் வந்து நின்றிருந்தால் போதும்.

அவர்களில் ஒருவர் மருதம்மாளிடம் கேட்டார்.

“டிக்கெட் வாங்குறவங்களத் தவிர வேற யாராவது இங்க ஏறுறாங்களாம்மா?”

அவள் மேசைக்குக் கீழே ரெக்சின் பை இருந்தது. அதில் நாற்பது பேருடைய சீசன் அட்டைகள் இருந்தன. அடுத்தவர்களுக்குச் சீசன் வாங்கிக் கொடுப்பது புரோக்கர் வேலை, தெரிந்தால் ஏஜென்சியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பெரிய ஸ்டேஷன் வாசலில் யாரோ ஒருவன் அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தான். மருதம்மாள் காலால் பையை உள்ளே தள்ளினாள்.

“இல்லீங்க சார்,” என்றாள்.

அன்றைக்கு மட்டும் அந்தக் குரல் மெதுவாக வந்தது.

இரண்டு மாதத்தில் ஜன்னலை அடைத்துவிட்டார்கள். அதன்பிறகு நான்கு வருடம் அதே ரயில் அதே நேரத்துக்கு, நிற்காமல், அவள் முகத்தில் புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போயிற்று. லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சம்பாத்தியத்தில் பாதியை வாடகைக்கு அழுதாலும் பரவாயில்லையென்று சிலர் திருப்பூருக்குள் போனார்கள். வழியில்லாதவர்கள் பெண்பிள்ளைகளை மில் ஹாஸ்டலில் விட்டார்கள். ஒச்சாயியின் தங்கை விஜயராணி அப்படிப் போனவள். மூன்று வருடம் காம்பவுண்டுக்குள்ளேயே வேலை, உள்ளேயே தூக்கம், வருடத்தில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வெளிச்சம். ஒச்சாயி இப்போது அருள்செல்வன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மருதம்மாளுக்கு எதிர் மேசை. “அந்த ரயிலு நின்னுருந்தா எந்தங்கச்சி ஊட்டுச் சோறு தின்னுருப்பா” என்று அவள் எப்போதாவது சொல்வாள். மருதம்மாள் அந்த நேரம் பார்த்துத் துணியை இன்னும் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோவாள்.

அவள் சொன்ன ‘இல்லீங்க’ புருஷன் வேலுமணி ஒருவருக்குத்தான் தெரியும். “முடிஞ்ச கதை. ஊருக்குத் தெரிஞ்சா உன்றமேல காறித் துப்புவாங்க. வாயத் தொறக்காத” என்று அவர் சொல்லிவிட்டார். அவள் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ரயில்வேயைத் திட்டினாள், அருள்செல்வனைத் திட்டினாள், மலருக்கு அம்பு ஒட்டினாள். போதிய பயணிகள் இன்மை என்ற மூன்று சொற்களைப் பார்க்கும்போதெல்லாம் தன் வாயிலிருந்தே வந்ததைப் போல அவளுக்கு உடம்பு கொதித்தது.

2009 ஆரம்பத்தில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்க்க ஆரம்பித்தார்கள். அகலப் பாதை வருகிறது, எங்கெங்கே ரயில் நிற்கும் என்று புதுப் பட்டியல் போடுகிறார்கள் என்று செய்தி வந்தது. இந்த முறை அருள்செல்வனுக்கே அக்கறை பிறந்துவிட்டது. கணியூர் ரோட்டில் புது யூனிட் கட்டிக்கொண்டிருந்தான், ஆட்கள் வேண்டும், ஆட்கள் வர ரயில் வேண்டும். அலைந்து திரிந்து ஒரு ரயில்வே அதிகாரியைக் கோயில் மண்டபத்துக்கு அழைத்து வந்துவிட்டான். சனிக்கிழமை மத்தியானம், அரை மணி நேரம். ஊரில் அறுபது எழுபது பேர் கூடினார்கள். கம்பெனிக்கு ஒரு மணி நேரம் பெர்மிஷன் கொடுத்து எல்லோரையும் வரச் சொல்லியிருந்தான்.

அதிகாரி நல்ல மாதிரி. இளநீரை வாங்கிக் குடித்தார், மனுவைப் பொறுமையாகப் படித்தார். பிறகு ஒரு பழைய கோப்பைத் திறந்தார்.

“நீங்க கேக்கறது நியாயமா இருக்கலாம். ஆனா பழைய ரெக்கார்டு என்ன சொல்லுதுன்னா, ஒரு நாளைக்குச் சராசரி பதினொரு பயணி. நேர்ல வந்து விசாரிச்சு, வேற பயணிகள் யாரும் இல்லைன்னு உறுதி பண்ணியிருக்காங்க. இதத் தாண்டி நான் எப்படி எழுதறது?”

“அது வந்துங்க சார், அப்ப ஆளுக கம்மிதானுங்க. இனிமேல்ட்டு வருவாங்க,” என்றான் அருள்செல்வன்.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் நின்றிருந்த மருதம்மாள் முன்னால் வந்தாள்.

“கம்மியில்லீங்க. அந்த விசாரணைல பதில் சொன்னவ நாந்தானுங்க. பொய் சொன்னேனுங்க.”

மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. வேலுமணி தலையைக் குனிந்துகொண்டார்.

“நூத்தி நாப்பது பேரு ஏறுனாங்க. அத்தன பேருக்கும் சீசன் நானே போயி வாங்கியாந்து குடுத்தேன். அது தப்புன்னு பயந்துக்கிட்டு, வேற யாருமே ஏறலீன்னு சொல்லிப்போட்டேன். என்றமேல கேஸ் போடறதுன்னாப் போட்டுக்குங்க. ஆனா இங்க சீசன் விக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டவங்க நீங்க. ரயில் இல்லாத நேரத்துல வந்து பாத்தவங்க நீங்க. நாஞ் சொன்ன ஒரு வார்த்தைய எழுதிக்கிட்டீங்களே, அடுத்த நாள் காத்தால வந்து பாக்கோணுமின்னு ஒருத்தருக்காச்சும் தோணுச்சுங்களா?”

முதலில் எழுந்த குரல் அதிகாரியுடையது அல்ல. பின்னாலிருந்து ஒச்சாயி கேட்டாள்.

“அப்ப நீங்கதேனாக்கா?”

மருதம்மாள் திரும்பிப் பார்த்தாள். “நாந்தான் கண்ணு,” என்றாள். 

ஆண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. இத்தனை நாள் ஊரையே திட்டினாளே, இவள்தானா என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள். அதிகாரி கையமர்த்தினார். அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“சரிம்மா. புரியுது. உத்தேசமா நூறு பேர்னு குறிச்சுக்கறேன்.”

“உத்தேசம் வேண்டாமுங்க சார். உத்தேசத்துலதான் பதினொண்ணு ஆச்சு. பேரு சொல்றேன், எழுதிக்குங்க. பாரம் பூராவும் நானே எழுதுனதுங்க, மாசாமாசம். மொதப் பெட்டி. ஒச்சாயி, இருவது வயசு, உசிலம்பட்டிப் பக்கம். அவ தங்கச்சி விஜயராணி, பதினேழு. அனுசுயா, பத்தொம்போது, ஆண்டிபட்டி. பாண்டித்துரை, முப்பது, அவருக்கு ஒரு கால் கொஞ்சம் நொண்டும், அதனால முன்னாடியே வந்து நிப்பாரு. சின்னத்தாய், நாப்பது, நத்தம்…”

அவள் சொல்லச் சொல்ல அதிகாரி மூன்று பெயர்களை எழுதினார், பிறகு பேனாவை நிறுத்தினார். அவள் நிறுத்தவில்லை. அருள்செல்வன், “போதுமுங்க்கா” என்று பல்லைக் கடித்தான். பதினேழு பெயர்களுக்குப் பிறகு அவளுக்கே ஓரிடத்தில் பெயர் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “அந்தக் கதவோரத்துல தொத்திக்கிட்டு வருவானே, எத்தன தடவ திட்டியிருக்கேன், அவம் பேரு…”

“முனீசு.” ஒச்சாயி அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். “எங்க சித்தி மகென். பதினெட்டு.”

“முனீஸ், பதினெட்டு,” என்றாள் மருதம்மாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடி நாடாவைச் சுற்றினார். “மனுவோட சேர்த்து ஒரு பேப்பர்ல எழுதி அனுப்பிடுங்கம்மா. பார்க்கலாம்,” என்று எழுந்தார். வெளியே டிரைவர் ஜீப் இன்ஜினை ஓடவிட்டான். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் அவரோடு எழுந்து நின்றார்கள்.

அவர்களெல்லாம் நின்றுகொண்டிருக்க, மருதம்மாள் அதிகாரியின் மேசைக்கு எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ரெண்டாவது பெட்டிங்க,” என்றாள்.